கருகாத சந்தனம்

அத்தியாயம் 7

"மேடம், அந்தக் காரைப் பாருங்க. தூறிக்கினு கீது, நாலு கண்ணாடியையும் எறக்கி வுட்டுட்டுப் போயிருக்கான். உள்ள இன்னா, கருவாடு காய வெச்சிருக்கானா?"

பாபு இப்படிக் கேட்டபோது யதுகிரி குடையை விரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைப்பாக்கம் செண்பகா ஆயில்ஸின் கார் நிறுத்தத்தில், 'ஆர் அண்ட் டி தலைவர்' என்று பெயின்ட் அடித்த கட்டத்துக்குள் ஒரு வெள்ளைக் கார் நின்றது. முன்பக்கம் மூன்று சென்ட் குப்பிகள். சீட்டின் மேல் வாய் பிரித்த காப்பித்தூள் பாக்கெட். கண்ணாடியில் ஒரு முழம் மல்லிகை, அதுவும் வாடிப்போன நேற்றைய மல்லிகை.

"ரசனை கெட்டவன் கார். வா, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு யதுகிரி நடந்தாள்.

அவளுக்கு வயது ஐம்பத்து நான்கு. இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்தவள். எரிந்துபோயிற்று என்று கண்ணீரோடு காட்டப்பட்ட கிடங்குகளில் பாதி, முதல் நாளே காலி செய்யப்பட்டவை. அத்தனை பொய்யைப் பார்த்ததில், மற்றவர்களுக்குச் சர்க்கரை வருவது மாதிரி இவளுக்கு மனிதர்கள்மேல் இளக்காரம் வந்துவிட்டது. ரிட்டையர் ஆனதும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டாள். உதவியாளன் பாபு மண்ணூர்க்காரன். சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் ஃபேக்டரி லைனில் ஆறு வருஷம் ஸ்க்ரூ முடுக்கி, கான்ட்ராக்ட் முடிந்து வெளியே வந்தவன். லைனில் பேசக் கூடாது என்று ஆறு வருஷம் அடக்கி வைத்ததையெல்லாம் இப்போது வட்டியோடு பேசிக்கொண்டிருக்கிறான்.

எம்.டி. ஜகந்நாதன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நெற்றியில் பளிச்சென்று திருமண், விரலில் மூன்று மோதிரம்.

"வாங்கோ மாமி."

"யதுகிரி."

"நம்ம ஊர்தானே, மாமின்னா தப்பா? சரி. உங்களைத் துப்பறியறதுக்காகக் கூப்பிடலை. வெளியாள் ஒருத்தர் விசாரிச்சார்னு ஃபைல்ல ஒரு பேப்பர் இருக்கணும்னு லாயர் சொல்றார். ஒரு கையெழுத்துதான். சசிரேகான்னு லேப் டெக்னீஷியன், மெஷினைக் கெடுத்து வெச்சுட்டா. நாலு மணிக்குக் கம்ப்ளெயின்ட் ஸ்டேஷனுக்குப் போறது. டைப் பண்ணியாச்சு."

"விசாரிக்கறதுக்கு முன்னாடியே டைப் பண்ணிட்டேளா?"

"இதுல விசாரிக்க என்ன இருக்கு?"

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றே முக்கால்.

விஷயம் இதுதான். செண்பகா ஆயில்ஸ் தயாரிப்பது தவிட்டு எண்ணெய். எல்லாம் நல்ல எண்ணெய்தான், ஆனால் ஒரு வாடை உண்டு. அந்த வாடை போனால் வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு பெரிய பிஸ்கட் கம்பெனி சொல்லியிருந்தது. லேபில் இருக்கிற சின்ன மெஷின் ஒன்று வாடையைச் சுத்தமாக எடுத்துவிட்டது. சாம்பிள் பாட்டில்களை முகர்ந்து பார்த்துச் சொக்கிப்போன பிஸ்கட்காரர்கள், கண்ணால் பார்க்க வேண்டும் என்று நேற்று, செவ்வாய்க்கிழமை, நேரில் வந்தார்கள். ஆர் அண்ட் டி தலைவர் டாக்டர் ரங்கநாத் தானே மெஷினை ஓட்டிக் காட்டினார். மெஷின் ஓடவில்லை. வந்தவர்கள் இரண்டு மணி நேரம் காத்திருந்து, இரண்டு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் சுங்குவார்சத்திரம் லாட்ஜில் தங்கியிருக்கிறார், நாளைக் காலை கிளம்புகிறார்.

"சனிக்கிழமை வரைக்கும் ஓடின மெஷின் செவ்வாய்க்கிழமை ஓடலேன்னா, நடுவுல யார் கை வெச்சிருப்பா? அவதானே ஆபரேட்டர்?" என்றார் ஜகந்நாதன்.

பால் திரிந்தால் பசு மாட்டை ஜெயிலில் போடுகிற நியாயம் என்று யதுகிரி நினைத்தாள். இந்த மனிதர் ஒரு தொழிற்சாலையையே நடத்துகிறார் என்பதை நினைத்தால் எண்ணெய்மேல்தான் பரிதாபம் வந்தது.

"அந்தப் பொண்ணு என்ன சொல்றா?"

"கேக்கலை. செக்யூரிட்டி ரூம்ல உக்கார வெச்சிருக்கோம். ரங்கநாத் எல்லாம் சொல்லிட்டார். நம்ம மனுஷர், பொய் சொல்ல மாட்டார்."

*

லேப் கதவில் சிவப்பு மார்க்கரில் எழுதிய ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'பூ வைத்துக்கொண்டு வரக் கூடாது. சென்ட், பவுடர், ஊதுவத்தி எதுவும் கூடாது. பாக்கு மென்றுவிட்டு வரக் கூடாது. மீறினால் திட்டு விழும். இப்படிக்கு, சசிரேகா.'

"மடப்பள்ளிக்குக்கூட இவ்ளோ கண்டிஷன் கெடையாது மேடம்" என்று பாபு வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டு வந்தான்.

"வாடை இருக்கா இல்லையான்னு முகர்ந்து பாக்கற எடம். இன்னொரு வாசனை உள்ள வந்தா எப்படித் தெரியும்? இந்தக் கட்டடத்துலயே புத்தியோட எழுதின பேப்பர் இது ஒண்ணுதான்."

டாக்டர் ரங்கநாத் வருவதற்குப் பத்தடி முன்பே அவருடைய சென்ட் வந்து சேர்ந்தது. மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு, அதில் மருந்துக்குக்கூட ஒரு எண்ணெய்ப் பொட்டு இல்லை. அறிவிப்பைத் தாண்டி, அதைப் பார்க்காமலே, உள்ளே போனார்.

"இதுதான் டியோடரைசர்" என்றார், தான் பெற்ற பிள்ளையைக் காட்டுகிற தோரணையில். "எண்ணெயை உள்ள ஊத்தி மூடி, காத்தை உறிஞ்சி எடுத்துடுவோம். நல்லாச் சூடு பண்ணி, அடியில குழாய் வழியா நீராவி விடுவோம். ஆவி மேல வரச்சே வாடையையும் இழுத்துண்டு வந்துடும்."

"இட்லிப் பானை" என்றான் பாபு.

"வாட்?"

"காத்து போவாத இட்லிப் பானை சார். வுடுங்க, மேல சொல்லுங்க."

பால் கேன் அளவுக்கு ஒரு ஸ்டீல் பாத்திரம், சக்கரம் வைத்த ஸ்டாண்டில் நின்றது. கனமான மூடி. மூடியிலிருந்து ஒரு குழாய் வந்து, ஐஸ் தொட்டியில் நிற்கிற கண்ணாடிக் குப்பிக்குள் இறங்கியது. இழுத்துக்கொண்டு வந்த வாடையெல்லாம் அந்தக் குளிரில் கட்டியாகிக் குப்பியிலேயே நின்றுவிடுமாம். அதற்குப் பெயர் ட்ராப். மூடியின் மேல் மூன்று இடத்தில் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். வரும் வழியில் கேட் மோட்டாரிலிருந்து கேன்டீன் கிரைண்டர் வரை எல்லாவற்றிலும் யதுகிரி பார்த்த பொட்டுதான். ஆயுத பூஜை முடிந்து மூன்று வாரம் ஆகிறது.

"எவ்வளவு சூடு?"

"இருநூத்தி நாப்பது டிகிரி. இந்த மூடி மேல விரல் வெச்சா தோல் உரிஞ்சுடும்."

"நீங்களே பக்கத்துல இருப்பேளா?"

"ஒவ்வொரு பேட்ச்சுக்கும் பக்கத்துலயே நின்னேன் மேடம். இது என் டிசைன். அந்தப் பொண்ணு வெறும் ஸ்விட்ச் போடறவ."

"நேத்திக்கு என்ன ஆச்சு?"

"வேக்கம் நிக்கலை. காத்து போகாம சூடு பண்ண முடியாது, அதனால ஹீட்டரைப் போடவே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவ ஏதோ ஒரு பார்ட்டைக் கழட்டியிருக்கா."

"எந்தப் பார்ட்?"

"அது... டீப்பா அனலைஸ் பண்ணணும்."

"உங்க டிசைன்னேளே. எது இல்லேன்னு பாத்தாத் தெரியாதா?"

ரங்கநாத் கண்ணாடியைத் துடைத்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த ஆளுக்குக் கூடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது என்பது யதுகிரிக்குத் தெளிவாகிவிட்டது.

மேஜையில் லாக் புத்தகம் இருந்தது. சசிரேகாவின் பொடிப் பொடியான சுத்தமான கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ரங்கநாத்தின் கோழி கிளறின பெரிய கையெழுத்து. யதுகிரி பூஜைத் தேதியைத் தேடி எடுத்து, அதற்குப் பிறகு வந்தவற்றை எண்ணினாள். பதினேழு பேட்ச். பதினேழும் இருநூற்று நாற்பது டிகிரி.

அப்புறம் அவள் குனிந்து மூடியைப் பார்த்தாள். சந்தனம் மஞ்சளாகவே இருந்தது. குங்குமம் சிவப்பாகவே இருந்தது. காய்ந்திருந்ததே தவிர ஓர் ஓரம்கூடக் கருகவில்லை.

"பாபு, எம்.டி.யைக் கூட்டிண்டு வா."

*

ஜகந்நாதன் வந்து சேர்ந்ததும் யதுகிரி சுற்றி வளைக்கவில்லை.

"பூஜைக்கு அப்புறம் இந்த மெஷின் பதினேழு தடவை ஓடியிருக்குன்னு லாக் சொல்றது. மூடியில விரல் வெச்சா தோல் உரியும்னு டாக்டர் சொல்றார். தோல் உரியற சூட்டுல சந்தனம் மட்டும் எப்படிக் கருகாம இருக்கு? இந்த மெஷின் பூஜைக்கு அப்புறம் ஒரு தடவைகூடச் சூடாகலை. பக்கத்துலயே நின்ன டாக்டர் எதுக்குப் பக்கத்துல நின்னார்னு கேளுங்கோ."

ரங்கநாத்தின் முகம் வெளுத்தது. ஆனால் ஒரே நொடிதான். அந்த ஒரு நொடியில் அவர் புத்தி எங்கெங்கோ ஓடி, ஒரு பொந்தைக் கண்டுபிடித்துவிட்டது.

"மை காட்! சார், அப்போ அவ மெஷினை ஓட்டவே இல்லை! பொய்யா லாக் எழுதி என்கிட்ட நீட்டியிருக்கா. எனக்கு ஆயிரம் வேலை, நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். பக்கத்துல நின்னேன்னு சொன்னது... ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"அப்போ நல்லா இருந்த சாம்பிள் பாட்டில்?" என்று பாபு கேட்டான்.

"கடையில விக்கற ரீஃபைண்ட் ஆயிலை ஊத்தி வெச்சிருப்பா!"

ஜகந்நாதன் மேஜையைத் தட்டினார். "ஃபோர்ஜரி! சீட்டிங்! ரங்கநாத், கம்ப்ளெயின்ட்ல இதையும் சேருங்கோ. பிரமாதம் மாமி, நீங்க வந்தது நல்லதாப் போச்சு."

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் பாபு தலையைச் சொறிந்தான். "மேடம், கெணத்துல வுழுந்தவளத் தூக்கப் போயி மேல கல்லத் தூக்கிப் போட்டுட்டீங்களே."

யதுகிரிக்குச் சுரீர் என்றது. உலகத்தில் எல்லோரையும் முட்டாள் என்று நினைக்கிறவளுக்கு, தானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டோமோ என்ற நினைப்பு வந்தால் தாங்காது. மணி இரண்டரை ஆகியிருந்தது.

*

செக்யூரிட்டி ரூமில் காவலாளி திருமலை ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தார். சசிரேகாவுக்கு இருபத்தாறு வயது இருக்கும். அழுது முடித்த முகம். ஆனால் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அழுகை கிடையாது.

"நீங்க யாரு? கையெழுத்து போட வந்த மேடமா?"

"ஆமாம். நீ மெஷினை ஓட்டினயா, இல்லே ஓட்டினதா எழுதினயா?"

"இன்னா கேக்கறீங்க? ஒரு வருஷமா ஓட்றேன். அது சூடாவறதுக்கு ஒரு மணி நேரம், ஓடறது ரெண்டு மணி நேரம், ஆறுறதுக்கு ஒரு மணி நேரம். அத்தினி நேரமும் நான்தான் நிப்பேன். ரங்கநாத் சார் மாசத்துக்கு ரெண்டு வாட்டி வருவாரு, போட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போட்டுக்குவாரு."

"சனிக்கிழமைக்கு அப்புறம் லேப்புக்குள்ள போனயா?"

"இல்ல மேடம். ஞாயித்துக்கிழமை லீவு. திங்கக்கிழமை காம்ப் ஆஃப் எடுத்துக்கோன்னு அவரே சொன்னாரு. நேத்து வந்தா, பிஸ்கட் கம்பெனிக்காரங்க வராங்க, நீ கேன்டீன்ல இருன்னாரு. சாயந்திரம் திருடின்னுட்டாங்க." அவள் ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தாள். "போலீஸ் கூட பயமில்ல மேடம். இங்க ஒரு கேட்ல பேர் அடிபட்டா செக்யூரிட்டிங்க குரூப்ல போட்டோ போட்ருவாங்க. அப்புறம் ஒரகடம் வரைக்கும் எந்த கேட்லயும் உள்ள வுட மாட்டாங்க. நான் படிச்சது இந்த வேல ஒண்ணுதான்."

"அப்போ இதுக்குப் பதில் சொல்லு. பதினேழு பேட்ச் ஓட்டியிருந்தா, மூடி மேல வெச்ச சந்தனம் ஏன் கருகலை?"

சசிரேகா விழித்தாள். பிறகு மெதுவாக எழுந்து நின்றாள்.

"சந்தனமா? என் மெஷின்லயா? எவன் வெச்சான்?"

அவள் பயந்த மாதிரித் தெரியவில்லை. தன் அடுப்பில் யாரோ செருப்பு காய வைத்ததைப் பார்த்த மாதிரி கேட்டாள்.

"ஏன், ஆயுத பூஜைக்கு வெக்கலையா?"

"வெக்கறதா? சூட்டுல சந்தனம் கருகுனா ரூம் பூரா அந்த வாசனைதான் இருக்கும். அப்புறம் எண்ணெய முகந்து இன்னாத்த கண்டுபுடிக்கறது? பூஜை அன்னிக்கு எம்.டி. சாரே தட்டு எடுத்துக்கினு வந்தாரு. நான் வுடல. பெரிய சண்டை. கடைசில ஸ்டாண்டுக் காலுக்குப் பின்னால, செவத்துப் பக்கமா ஒரே ஒரு பொட்டு வெக்கச் சொன்னேன். வேணும்னா அவரையே கேளுங்க."

யதுகிரி தன் நெற்றியில் ஒரு தட்டு தட்டிக்கொண்டாள். லேப் கதவில் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்ததைத் தானே படித்துவிட்டு, பாராட்டிவிட்டு, அப்புறம் உள்ளே போய்ச் சந்தனத்தை ஆராய்ச்சி செய்திருக்கிறாள். படித்த முட்டாளுக்கு இரட்டைச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

"பாபு, சந்தனம் ஏன் கருகலைன்னு கேட்டது தப்பு. சந்தனம் ஏன் இருக்குன்னு கேட்டிருக்கணும். நீ போனை எடு. அந்த டாக்டர் ஊர் முழுக்கப் போட்டோ போடற ஆள்னு இவ சொல்றா. ஆயுத பூஜை அன்னிக்கு என்ன போட்டிருக்கார் பாரு. நீ வாம்மா என்னோட."

"அவள வெளிய வுடக் கூடாதுன்னு ஆர்டர்ங்க" என்றார் திருமலை.

"ஆர்டர் போட்டவர்கிட்டதான் கூட்டிண்டு போறேன்."

*

லேபுக்குள் நுழைந்ததும் சசிரேகா யாரையும் பார்க்கவில்லை. நேராக மெஷினிடம் போனாள். மூடியைத் திருகிக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்து, ஒரு சிரிப்புச் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"இது என்து இல்ல."

"என்ன உளர்றா?" என்றார் ரங்கநாத்.

"ஸ்டாண்டு என்து, பம்ப்பு என்து. பானையும் மூடியும் குப்பியும் வேற. ஒரு வருஷம் எண்ணெய் காஞ்ச பாத்திரம் உள்ள காப்பி கலர்ல இருக்கும். இது இன்னும் கடைப் பளபளப்பு போவல. அடிக் குழாயப் பாருங்க, நாலே நாலு ஓட்டை. கம்பெனில குடுத்தது அப்படித்தான். அதுல ஆவி பொளக்குனு வரும், எண்ணெய் தெறிக்கும், வாடை போவாது. நான் சுங்குவார்சத்திரத்துல லேத் பட்டறைக்கு எடுத்துக்கினு போயி, வளையமா வளைச்சு, ஊசி கனத்துல அறுபது ஓட்டை போட்டேன். அதுலதான் வாடை போச்சு." அவள் விரல் பக்கவாட்டில் போய் நின்றது. "அய்யோ, இந்த வால்வு திறந்தே கீது. பானைல ஓட்டைய வெச்சுக்கினு தண்ணி நிக்கலன்னு அழுதிருக்காரு."

ஜகந்நாதன் ரங்கநாத்தைப் பார்த்தார். "அறுபது ஓட்டை உம்ம டிசைன் இல்லையா?"

"சார், இவ கதை விடறா!"

"சரி, கதையாவே இருக்கட்டும்" என்றாள் யதுகிரி. "எம்.டி. சார், உங்களுக்கு ஒரு கேள்வி. பூஜை அன்னிக்கு இந்த மூடிக்கு நீங்க சந்தனம் வெச்சேளா?"

ஜகந்நாதன் வாயைத் திறந்தார். மூடினார். மூன்று வாரத்துக்கு முந்தைய அவமானம் அவர் முகத்தில் மெல்ல ஏறியது. "எங்கே வெக்க விட்டா? என் ஃபேக்டரியில என்னையே கையை எடுங்கன்னுட்டா. கீழே காலுக்கு வெச்சுட்டுப் போனேன்."

பாபு மண்டியிட்டு ஸ்டாண்டின் பின்கால் பக்கம் டார்ச் அடித்தான். "கீது மேடம். செவத்துப் பக்கம். ஒத்தப் பொட்டு."

"அப்போ மேல இருக்கற மூணு பொட்டு யார் வெச்சது? இந்த ஃபேக்டரியிலேயே சந்தனம் வெக்காத மெஷின் இது ஒண்ணுதான். இதைத் தினம் பாத்தவாளுக்கு அது தெரியும். பாக்காதவர், எல்லா மெஷின்லயும் பொட்டு இருக்கு, இதுலயும் இருந்தா நல்லதுதான்னு விட்டுட்டார். கழட்டி எடுத்ததுல பொட்டு இல்லைங்கறதைக்கூட அவர் பாக்கலை. டாக்டர், பூஜை அன்னிக்கு நீங்க எங்கே இருந்தேள்?"

பதிலைப் பாபு போனில் வைத்திருந்தான். ஏதோ ஓர் என்ஜினீயரிங் கல்லூரி லேப். கழுத்தில் மாலையோடு ரங்கநாத், சிறப்பு விருந்தினர். பக்கத்தில் இதே மாடல் மெஷின். இன்ஸ்பெக்ஷன் கமிட்டி வரும்போது காட்டுவதற்கென்றே வாங்கி, பிறந்ததிலிருந்து சூடே காணாத மெஷின். அதன் மூடியில் மூன்றாவது பொட்டை வைத்துக்கொண்டிருப்பது சாட்சாத் ரங்கநாத்தின் கை.

"உங்க கையாலயே பொட்டு வெச்சு, உங்க கையாலயே போட்டோ போட்டுட்டு, அந்த காலேஜ் பானையவே இங்க தூக்கியாந்து வெச்சு, மாட்டினதும் நீங்களே" என்றான் பாபு. "எங்களுக்கு இன்னா சார் வேலை இங்க?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் போட்டோ எடுத்துக் கெட்டது.

"இதுல என்ன இருக்கு?" ரங்கநாத்தின் குரல் கீச்சென்று உயர்ந்தது. "ஒரே மாதிரி மெஷின் ஊர்ல நூறு இருக்கும். ஒரிஜினல் என்கிட்டதான் இருக்குன்னு நிரூபிக்க முடியுமா?"

யதுகிரி அவரைப் பார்க்காமல் சசிரேகாவைக் கேட்டாள். "சனிக்கிழமை கடைசி பேட்ச் முடிஞ்சதும் ட்ராப் குப்பியைக் காலி பண்ணினயா?"

"இல்ல மேடம். கழுவப் போனேன், நான் பாத்துக்கறேன் நீ கிளம்புன்னு சார்தான் தொரத்திட்டாரு."

"ஐஸ் உருகினா?"

"உள்ள கட்டியா இருக்கறது தண்ணியாயிடும். மெஷினத் தூக்கறதுன்னா மொதல்ல அதத்தான் கொட்டணும். கொட்டாம சாய்ச்சா அவ்ளோதான், ஊரே நாறும். எத்தினி சென்ட் அடிச்சாலும் போவாது."

யதுகிரியும் பாபுவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கருவாடு" என்றான் பாபு.

*

தூறல் நின்றிருந்தது. வெள்ளைக் காரின் கண்ணாடிகள் இன்னும் இறங்கியே இருந்தன. "என் கார்! தொடக் கூடாது!" என்று ரங்கநாத் கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தார்.

"தெறந்து வெச்சது நீங்கதான் சார்" என்று சொல்லிக்கொண்டே பாபு கையை உள்ளே விட்டு டிக்கி லீவரை இழுத்தான்.

டிக்கி திறந்ததும் திருமலை மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி பின்வாங்கினார். நாள்பட்ட வியர்வை, மீன் செதில், கெட்டுப்போன எண்ணெய் எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்த வாடை. ஒரு பூப்போட்ட பெட்ஷீட்டுக்குள் பால் கேன் அளவில் ஸ்டீல் பாத்திரம் படுத்துக் கிடந்தது. பக்கத்தில் கவிழ்ந்த கண்ணாடிக் குப்பி, கார்ப்பெட் முழுக்க மஞ்சளாய்க் கறை.

சசிரேகா மூக்கைப் பொத்தவில்லை. பெட்ஷீட்டை விலக்கி மூடியைக் கழற்றினாள். உள்ளே காப்பி நிறம். அடியில் வளையக் குழாய், ஊசித் துளைகள். அவள் அதை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். கண் கலங்கியது அப்போதுதான்.

"இதை ஏன்யா நாலு நாளா கார்லயே வெச்சிருந்தீர்?" என்றார் ஜகந்நாதன். திருட்டைவிட அந்தச் சந்தேகம்தான் அவருக்குப் பெரிதாகப் பட்டது போலிருக்கிறது.

ரங்கநாத் தரையைப் பார்த்தார். "மண்ணூர்ல ஷெட் எடுத்திருக்கேன். இங்கே மெஷின் ஓடலேன்னா, பிஸ்கட் கம்பெனியை அங்கே கூப்பிடலாம்னு... வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு மேலதான் நல்ல நேரம். வீட்டுக்கு எடுத்துண்டு போனா ஆத்துக்காரி வாசல்லயே நிறுத்திட்டா."

"அவங்களுக்காவது மூக்கு வேலை செய்யுது" என்றான் பாபு.

யதுகிரிக்குச் சிரிப்புகூட வரவில்லை. எத்தனையோ திருடர்களைப் பார்த்திருக்கிறாள். சிலரிடம் சாமர்த்தியமாவது இருக்கும். இந்த ஆளுக்கு எதைத் திருட வேண்டும் என்றே தெரியவில்லை. ஒரு சாண் குழாயில் இருந்தது சூட்சுமம். அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால் பிரம்மாவாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. எது சூட்சுமம் என்று ஒரு நாளாவது பக்கத்தில் நின்று பார்த்திருந்தால்தானே தெரியும்? தெரியாததால் பானையோடு தூக்கிக்கொண்டு வந்து, வாடையில் மாட்டிக்கொண்டார்.

அவள் ஜகந்நாதனிடம் கையை நீட்டினாள். "அந்தக் கம்ப்ளெயின்டைக் கொடுங்கோ."

மூன்று பக்கம், சுத்தமான டைப். யதுகிரி பேனாவை எடுத்து, 'சசிரேகா' என்று வந்த இடத்திலெல்லாம் அடித்துவிட்டு, மேலே 'ரங்கநாத்' என்று எழுதினாள். ஐந்து இடம்.

"டைப் பண்ணினது வீணாப் போகலை. மணி மூணே கால்தான் ஆறது, நாலு மணிக்கே அனுப்பலாம். இப்போ வேணும்னா என் கையெழுத்தையும் போடறேன்."

ஜகந்நாதன் ரங்கநாத்தைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார், சசிரேகாவைப் பார்த்தார். சுங்குவார்சத்திரம் லாட்ஜில் இருக்கிற பிஸ்கட் கம்பெனிக்காரர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பேப்பரைத் திருமலையிடம் கொடுத்து ஸ்டேஷனுக்கு அனுப்பினார். முகத்தில் சட்டென்று ஒரு பாசம் வந்துவிட்டது.

"சசிரேகாம்மா, நடந்ததை மனசுல வெச்சுக்காதே. நம்ம கம்பெனி. அந்த பிஸ்கட் கம்பெனி மனுஷனை இப்பவே வரச் சொல்றேன், நீ மெஷினை ஓட்டிக் காட்டிடும்மா."

சசிரேகா பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு லேபுக்கு நடந்தாள். பாபு குப்பியைக் கைக்குட்டையில் சுற்றி எட்டப் பிடித்தபடி பின்னால் போனான். கழுவினாள், துடைத்தாள், முகர்ந்து பார்த்தாள், மறுபடி கழுவினாள். ஸ்டாண்டில் ஏற்றி ஒவ்வொரு திருகாக முடுக்கினாள். யதுகிரி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு இந்தக் கட்டடத்தில் இளக்காரம் வராமல் அவள் பார்த்த ஒரே காட்சி அதுதான்.

பம்ப் ஓட ஆரம்பித்தது. அளவுமானியில் முள் இறங்கி, இறங்கின இடத்தில் நின்றது.

அப்போது ஜகந்நாதன் உள்ளே வந்தார். கையில் பித்தளைத் தட்டு. அதில் சந்தனக் கிண்ணம், குங்குமம், கற்பூரம்.

"திருட்டுப் போய்த் திரும்பி வந்திருக்கு. ஒரு திருஷ்டி கழிச்சு, பொட்டு வெச்சுட்டு ஆரம்பிக்கலாம்" என்று விரலால் சந்தனத்தைத் தொட்டு மூடியை நோக்கிக் கொண்டுபோனார்.

"சார்."

சசிரேகா குரலை உயர்த்தவில்லை. அவரைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கண் முள்ளின் மேலேயே இருந்தது.

"கைய எடுங்க. தட்டோட வெளிய போயி நில்லுங்க. கதவுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சிட்டு, அப்புறமா உள்ள வாங்க."

ஜகந்நாதனின் விரல் அந்தரத்தில் நின்றது. அவர் யதுகிரியைப் பார்த்தார். யதுகிரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பாபு கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டான்.

செண்பகா ஆயில்ஸின் எம்.டி. சந்தனம் ஒட்டிய விரலோடு வெளியே போய் நின்று, ஒரு வருஷமாக அங்கே ஒட்டியிருந்த சிவப்பு எழுத்துக்களை முதல் தடவையாகப் படிக்க ஆரம்பித்தார்.